எலுமிச்சை எண்ணெயும் எட்டு மணி வெயிலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருக்கோடி வீட்டு அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வாசலில் வந்து நின்றார். பலகாரம் என்று ஆசையாகத் திறந்தேன். உள்ளே பன்னிரண்டு குட்டி பாட்டில்கள். பழுப்புக் கண்ணாடி, சொட்டு மூடி, அழகான கையெழுத்தில் லேபிள்: ‘லெமன் க்ளோ ஃபேஸ் ஆயில்’.

“இதுல நான் என்ன தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லு” என்றார். குரல் சரியாக இல்லை.

நான் வேதியியல் படித்தவள் என்பது செம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். குழாயில் தண்ணீர் மஞ்சளாக வந்தாலும் பாட்டிலோடு என்னிடம்தான் வருவார்கள். அக்காவை உள்ளே உட்காரவைத்து காபி கொடுத்துவிட்டு, கதையைக் கேட்டேன்.

லாக்டவுன் சமயத்தில் குளியல் பொடியில் தொடங்கியவர் அவர். அடுத்து சோப்பு. பிறகு யூடியூப் பார்த்து எசென்ஷியல் ஆயில் வாங்கி முக எண்ணெய். ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் வரைக்கும் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் அவர் பெயர் பிரபலம். மகனின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி இதில்தான் வருகிறது. தீபாவளிக்கு மட்டும் நாற்பது பாட்டில் ஆர்டர் பிடித்து வைத்திருந்தார்.

அப்போதுதான் ஒரு வாடிக்கையாளப் பெண் போட்டோ அனுப்பியிருக்கிறாள். இரண்டு கன்னத்திலும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டு. வலது தாடையில் எண்ணெய் வழிந்து இறங்கிய தடம் அப்படியே கோடாக. முதல் இரண்டு நாள் சிவந்து எரிந்ததாம், பிறகு கறுத்துவிட்டதாம். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதத்தில் நிச்சயதார்த்தம்.

“எலுமிச்சைதானே போட்டேன்? கெமிக்கலா போட்டேன்? பேட்ச் டெஸ்ட்கூட பண்ணினேனே! இன்னும் பதிமூணு பேர் வாங்கினாங்க, அவங்களுக்கு ஒண்ணுமே ஆகலையே!”

அந்தப் பெண் எப்போது தடவினாள் என்று கேட்டேன். போன் போட்டு விசாரித்தோம். காலையில் குளித்துவிட்டு, எட்டு மணிக்கு ஸ்கூட்டியை எடுப்பதற்கு முன்னால். அவள் வேலை வேளச்சேரியில். தாம்பரம் – வேளச்சேரி சாலையில் மேடவாக்கம் வரைக்கும் ஏறக்குறைய சூரியனைப் பார்த்தபடியே போகவேண்டும். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத்தான் ஓட்டுவாளாம். மற்றவர்கள்? பெரும்பாலும் ராத்திரி தடவி, காலையில் கழுவியிருக்கிறார்கள்.

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதி, அந்த எலுமிச்சை எண்ணெய் பாட்டிலைப் பார்த்ததும் புரிந்தது. லேபிளில் ‘லைம் ஆயில், கோல்டு பிரஸ்டு’ என்று இருந்தது.

“அதைத் தேடித்தான் வாங்கினேன். செக்கு எண்ணெய் மாதிரிதானே? கொஞ்சம் விலை கூட” என்றார் அக்கா.

சமையலுக்கு மரச்செக்கு எண்ணெயைத் தேடிப்போகும் நம் எல்லோருக்கும் தோன்றுகிற நியாயம்தான் இது. ஆனால் எலுமிச்சையில் கதை தலைகீழ். பழத்தோலை அழுத்திப் பிழியும்போது வாசனை எண்ணெயோடு ஃபியூரானோகூமரின் என்கிற சேர்மங்களும் சேர்ந்து வந்துவிடும். இவை தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால், தோல் செல்கள் வெந்துபோன மாதிரி பாதிக்கப்படும். எரிச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அது ஆறும்போது கறுப்பு படியும். நம்முடைய மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும்.

அதே எலுமிச்சையை நீராவியில் வடித்தெடுத்தால் இந்தச் சேர்மங்கள் ஆவியாகி மேலே வருவதில்லை, கொப்பரையிலேயே தங்கிவிடும். வெயில் ஆபத்தைப் பொறுத்தவரை, வடித்தெடுத்த லைம் எண்ணெய்தான் முகத்துக்குப் பாதுகாப்பு. விலை குறைந்ததும் பெரும்பாலும் அதுதான்!

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வீட்டு எலுமிச்சை, ஆங்கிலத்தில் ‘லெமன்’ இல்லை, ‘லைம்’. பெரிதாக, மஞ்சளாக, முனை நீண்டு இருப்பது லெமன். நாம் இரண்டையும் எலுமிச்சை என்றே சொல்லிவிடுகிறோம். தோலில் தடவி அப்படியே விடுகிற பொருளில், பிழிந்தெடுத்த லெமன் எண்ணெய் 2 சதவீதம் வரைக்கும் போகலாம். பிழிந்தெடுத்த லைம் எண்ணெய் 0.7 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பெர்கமாட் என்றால் 0.4 தான். வாசனைத் தொழிலின் உலக அமைப்பான இஃப்ரா வகுத்த வரம்புகள் இவை.

அக்கா தன் குறிப்பேட்டைக் காட்டினார். 30 மி.லி. பாதாம் எண்ணெயில் லைம் 25 சொட்டு, லாவெண்டர் 10 சொட்டு.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். சொட்டு மூடியைப் பொறுத்து மாறும் என்றாலும், சுமார் 20 சொட்டு ஒரு மி.லி. அப்படியானால் 25 சொட்டு, ஒன்றேகால் மி.லி. முப்பது மி.லி.யில் அது 4 சதவீதத்துக்கும் மேல். வரம்பு 0.7. நான்கு சொட்டோடு நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில் இருபத்தைந்து.

“வாசனை பத்தலைன்னு போட்டேன்” என்றார் அக்கா. சாம்பாரில் பெருங்காயம் பத்தவில்லை என்று இன்னொரு சிட்டிகை போடுகிற அதே கைதான்.

அவர் செய்த பேட்ச் டெஸ்ட் ஏன் கைகொடுக்கவில்லை? முழங்கை மடிப்பில் தடவி, ராத்திரி படுத்து, காலையில் பார்த்திருக்கிறார். அலர்ஜியும் எரிச்சலும் இருந்தால் அதில் ஓரளவு தெரியும். வெயில் படாத இடத்தில் செய்த சோதனையில் வெயில் செய்யும் வேலை எப்படித் தெரியும்?

இதில் வியப்பு என்னவென்றால், இந்தச் சேர்மங்கள் நம் பாட்டிகளுக்குப் புதியவை அல்ல. குளியல் பொடியில் கார்போக அரிசி போடுவோமே, நாட்டு மருந்துக் கடையில் கறுப்பாக, பொடிசாக இருக்குமே, அதில் இருப்பது சொராலென். எலுமிச்சைத் தோலில் இருப்பதன் நெருங்கிய சொந்தம். வெண்புள்ளிக்கு அந்த விதையைப் பூசி வெயில் காட்டும் வழக்கம் நம் மரபு மருத்துவத்தில் உண்டு. இன்றைய தோல் மருத்துவத்திலும் சொராலென் கொடுத்து, அளந்து புற ஊதாக் கதிர் காட்டும் சிகிச்சை இருக்கிறது. நிறம் போன இடத்தில் நிறம் வரவைப்பதற்காகப் பயன்படுத்துகிற பொருள், நிறம் இருக்கிற இடத்தில் பட்டால் என்ன செய்யும்? அந்தப் பெண்ணின் கன்னத்தில் செய்ததைத்தான். (குளியல் பொடியைத் தேய்த்து உடனே கழுவிவிடுகிறோம் என்பதால் நாம் தப்பிக்கிறோம். அதை ஃபேஸ் பேக் என்று அரை மணி நேரம் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் யோசிக்கவேண்டும். வெண்புள்ளிக்கு மருந்தாகவே வேண்டும் என்றால், பக்கத்தில் தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.)

குழப்பத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் நாம் ‘எண்ணெய்’ என்றும் ‘தைலம்’ என்றும் ஒரே பெயர் வைத்திருப்பதுதான். பாட்டி காய்ச்சிய தைலம், நல்லெண்ணெயில் மூலிகையைப் போட்டுப் பக்குவமாகக் காய்ச்சி வடிகட்டியது. அதில் மூலிகையின் சத்து கொஞ்சம், எண்ணெய்தான் நிறைய. தலை நிறைய வைத்துக்கொள்ளலாம். எசென்ஷியல் ஆயில் அப்படியல்ல. அதில் நல்லெண்ணெயும் கிடையாது, தேங்காய் எண்ணெயும் கிடையாது. செடியின் வாசனையை மட்டும் வடித்தெடுத்த சாறு. ஊட்டி, குன்னூர் பக்கம் யூகலிப்டஸ் இலையைக் கொப்பரையில் அடைத்து நீராவி விட்டு இறக்குகிறார்களே, நீலகிரித் தைலம், அது பெயரில் தைலம் என்றாலும் உண்மையில் எசென்ஷியல் ஆயில். கடலூர் கரையோர மணலில் விளைகிற வெட்டிவேரை எடுத்துக்கொண்டால், நூறு கிலோ வேரை வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் கிடைப்பதே பெரிது. அதிலிருந்து ஒரு சொட்டு என்பது எத்தனை வேர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிக்கும்போது எண்ணெயோடு சேர்ந்து இறங்குகிற வாசனைத் தண்ணீருக்கு நம்மிடம் நல்ல சொல்லே இருக்கிறது: தீநீர். குழந்தைக்கு வயிறு உப்பினால் கொடுத்த ஓம வாட்டர் அந்த வகைதான். கல்யாண வீட்டுப் பன்னீரும் அதுதான், உண்மையான பன்னீராக இருந்தால். மென்மையாக ஏதாவது முகத்துக்கு வேண்டும் என்றால் பன்னீர் போதும் என்பது என் கட்சி. அதன் லேபிளில் ரோஜா வடிநீர் தவிர வேறு வாசனைப் பொருள் சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அக்காவின் டப்பாவில் இன்னொரு பாட்டிலும் இருந்தது. ‘மல்லிகை எசென்ஷியல் ஆயில், 100 சதவீதம் சுத்தம்’. பதினைந்து மி.லி. நூற்றி எண்பது ரூபாய்.

இதற்கு வேதியியல் தேவையில்லை, பூக்கடையில் நின்றால் போதும். மல்லிகைப் பூவை நீராவியில் வேகவிட்டால் அதன் மணம் கெட்டுப்போகும். அதனால் கோவை, திண்டுக்கல் பக்கத்து ஆலைகளில் பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி ஒரு பொருளாக எடுக்கிறார்கள். அதற்குப் பெயர் கான்க்ரீட். அதை ஆல்கஹாலில் கழுவி, அதிலிருந்து அப்சல்யூட். ஒரு கிலோ கான்க்ரீட்டுக்கே சில நூறு கிலோ பூ வேண்டும். அப்சல்யூட் அதிலும் பாதி அளவுக்குத்தான் தேறும். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மதுரை மல்லி முகூர்த்த நாளில் கிலோ என்ன விலை விற்கிறது என்பது உங்களுக்கே தெரியும். நூற்றி எண்பது ரூபாய் பாட்டிலில் அது வராது. இருப்பது தொழிற்சாலையில் செய்த வாசனைக் கலவை.

செயற்கை வாசனை என்பதாலேயே அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. முறையாகத் தயாரித்து, வரம்புக்குள் பயன்படுத்தினால் சில சமயம் அதுவே தோலுக்கு நல்லது. ஆனால் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை ‘மல்லிகை’ என்று லேபிள் ஒட்டி அக்காவிடம் விற்று, அதை அக்கா நம்மிடம் விற்கிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. ரோஜாவும் அப்படியே. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று டன்னுக்குக் குறையாமல் இதழ் வேண்டும். சந்தன மரத்தில் எண்ணெய் ஏற இருபது, முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். லாவெண்டர், ரோஜா, சந்தனம், எலுமிச்சை எல்லாம் ஒரே விலை என்று ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்தால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம். ‘தெரபியூட்டிக் கிரேடு’ என்று போட்டிருந்தாலும் மயங்கவேண்டாம். அப்படி ஒரு தரச்சான்றை எந்த அரசும் கொடுப்பதில்லை. நல்ல விற்பனையாளர் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்த நாட்டிலிருந்து வந்தது, பிழிந்ததா வடித்ததா, பேட்ச் எண் எல்லாம் போடுவார். கேட்டால் அந்த பேட்சின் கேஸ் குரோமட்டோகிராபி பரிசோதனை அறிக்கையும் கொடுப்பார். தொழிலாகவே செய்கிறவர்கள், உத்தரப்பிரதேசம் கன்னோஜில் மத்திய அரசின் நறுமணம் மற்றும் சுவை மேம்பாட்டு மையம் இருப்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனையும் பயிற்சியும் தருகிறார்கள்.

சரி, வீட்டில் செய்வதையே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அக்காவிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முகத்துக்கு அரை சதவீதம் போதும். அதாவது 30 மி.லி. எண்ணெயில் எல்லா எசென்ஷியல் ஆயிலும் சேர்த்து மூன்று சொட்டு. உடம்புக்கு ஒரு சதவீதம், 100 மி.லி.க்கு இருபது சொட்டு. லவங்க எண்ணெய் என்றால் அரை சதவீதத்துக்குள். பட்டை எண்ணெயைத் தோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். விற்பனைக்குச் செய்கிறவர்கள் சொட்டு எண்ணுவதை மறந்துவிட்டு, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிவிடுங்கள்.

தண்ணீரில் இவை கரையாது. பக்கெட் தண்ணீரில் நாலு சொட்டு விட்டுக் குளித்தாலும், பன்னீரில் விட்டுக் குலுக்கி முகத்தில் அடித்தாலும், மேலே மிதக்கிற அந்தச் சொட்டு நேராகத் தோலில்தான் வந்து உட்காரும். கற்றாழை ஜெல்லிலும் சரியாகக் கலக்காது. டீ ட்ரீ எண்ணெயை (நாம் குடிக்கிற டீக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஆஸ்திரேலிய மரம்) பருவின் மேல் அப்படியே வைக்கிற கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம். கைக்குழந்தையின் மூக்குப் பக்கம் நீலகிரித் தைலமும் கற்பூரமும் கூடவே கூடாது. வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும் பொருட்கள் இவை. பூட்டி வையுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடவேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் டீ ட்ரீயே வாங்காதீர்கள். அதற்கு அது விஷம்.

அப்புறம் நம் ஊர் வெக்கை. லாவெண்டரில் இருக்கும் லினலூல், எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் இருக்கும் லிமோனின் இரண்டும் காற்றுப் பட்டு, சூட்டில் பழசாகப் பழசாக, அலர்ஜி உண்டாக்கும் பொருட்களாக மாறும். புதிதாக வாங்கியபோது ஒத்துக்கொண்ட எண்ணெய் ஒரு வருடம் கழித்து அரிக்கிறது என்றால் காரணம் இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலில் விடுகிற பொருளில் இவை 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிளில் பெயர் போட்டாகவேண்டும். இயற்கையாக வந்ததா, செயற்கையா என்ற பேச்சே கிடையாது. திறந்த தேதியை பாட்டிலில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள். அக்கா சமையலறையில் அடுப்புக்கு மேல் அலமாரியில் வைத்திருந்தார்.

இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்ட அக்கா, நான் கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தார். “உங்ககிட்ட லைசென்ஸ் இருக்கா?”

“எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இருக்கே! உத்யம் பதிவும் இருக்கு.”

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது சாப்பாட்டுக்கு. ஊறுகாய் போட்டால் செல்லும், முக எண்ணெய்க்குச் செல்லாது. உத்யம் என்பது சிறுதொழில் என்ற பதிவு மட்டும். நமக்கும் நம் வீட்டாருக்கும் செய்துகொள்ள எந்த உரிமமும் வேண்டாம். விற்பதற்குச் செய்தால், அது அழகுசாதனப் பொருள். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 2020-இல் வந்த அழகுசாதனப் பொருட்கள் விதிகளும் பொருந்தும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வாங்கவேண்டும். அதற்குத் தனி இடம், தகுதியுள்ள ஆள், பரிசோதனை வசதி எல்லாம் கேட்பார்கள். இல்லாமல் விற்பது சட்டப்படி குற்றம். ‘பரு போக்கும்’, ‘எக்ஸிமா குணமாகும்’ என்று போட்டால், பேச்சு அழகுசாதனத்தைத் தாண்டி மருந்துக்குப் போய்விடும்.

நம் அடுக்குமாடிக் குழுக்களில் விற்கிற எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு சமையலறையையும் ஒரு மிக்ஸியையும் வைத்துக்கொண்டு தலைநிமிர்ந்த பெண்களை இந்த விதி அப்படியே வெளியே நிறுத்திவிடுகிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தகுதியுள்ள ஆள் ஒருவர் அக்காவின் குறிப்பேட்டைப் பார்த்திருந்தால், 25 சொட்டு என்ற இடத்தில் பேனா நின்றிருக்கும். வழி முழுக்க அடைபடவும் இல்லை. ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கும் கூடத்தில், நம் பெயரில், நம் செய்முறையில் தயாரிக்க ‘லோன் லைசென்ஸ்’ என்று ஒன்றைச் சட்டமே வைத்திருக்கிறது. தனியாக முடியாவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து விசாரிக்கலாம்.

அன்று மதியமே அக்கா பதிமூன்று வீட்டுக்கும் போன் போட்டார். என்ன தவறு என்று மறைக்காமல் சொல்லி, பாட்டிலைத் திருப்பிக் கேட்டார். பணம் திருப்பிக் கொடுத்தார். ‘எனக்கு ஒண்ணும் ஆகலையே, நான் வெச்சுக்கறேன்’ என்று அடம்பிடித்தவர்கள்தான் அதிகமாம். தீபாவளி ஆர்டர் நாற்பதையும் ரத்து செய்தார். அந்தத் தொகை அவருக்குச் சின்னது இல்லை.

அந்தப் பெண்ணைத் தோல் மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனதும் அக்காதான். கறை மேல் எலுமிச்சையோ, சர்க்கரை ஸ்க்ரப்போ, மெடிக்கலில் கிடைக்கும் வெளுப்பு க்ரீமோ எதையும் வைக்கக்கூடாது என்றும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும், தினமும் சன்ஸ்க்ரீன் என்றும் டாக்டர் சொல்லியிருக்கிறார். மெதுவாகத்தான் தெளியும், அவசரப்படவேண்டாம் என்றாராம்.

நேற்று ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் அவளைப் பார்த்தேன். முகம் முழுக்கத் துப்பட்டா, அதன் மேல் ஹெல்மெட், கண்ணாடி இறக்கிவிட்டபடி. கையை ஆட்டினாள். நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வலது தாடைக் கோடு மட்டும் இன்னும் போகவில்லையாம்.